சிங்கிங் பௌல், கிரிஸ்டல் பௌல், இசைக்கவை, காங்: எதை வாங்கலாம், எதை நம்பலாம்?

சவுண்ட் ஹீலிங், அதாவது ஒலியால் உடலையும் மனத்தையும் தேற்றுவது, என்ற பெயரில் விற்கப்படும் கருவிகளை இரண்டு தராசுகளில் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இசைக்கருவியாக அது எப்படி ஒலிக்கிறது என்பது முதலாவது. மருந்தாக அதைப் பற்றிச் சொல்லப்படுபவற்றில் எவ்வளவு தேறும் என்பது அடுத்தது. முதல் தராசில் நன்றாக நிற்கும் கருவிகள் பல இரண்டாவதில் தடுமாறுகின்றன. விற்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்தே பேசுகிறார்கள் என்பதால் இங்கே அவற்றைப் பிரித்து எழுதுகிறேன். கையால் அடித்துச் செய்த ஒரு வெண்கலக் கிண்ணம் (கோலால் தட்டியோ விளிம்பைத் தேய்த்தோ ஒலிக்கவைக்கும் சிங்கிங் பௌல்), இணையத்தில் வாங்கிய ஒரு வார்ப்புக் கிண்ணம், இரவல் பெற்ற ஒரு கிரிஸ்டல் பௌல், ஓர் இசைக்கவை (டியூனிங் ஃபோர்க்) தொகுப்பு, சென்னையில் கட்டணம் செலுத்திக் கலந்துகொண்ட ஒரு காங் அமர்வு ஆகியவையே இந்த மதிப்பீட்டுக்கு அடிப்படை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கைவேலைக் கிண்ணம் ஒன்றை வாங்கலாம், மற்றவற்றைக் கேட்டுவிட்டு வந்தால் போதும்.

கிண்ணத்திலிருந்து தொடங்குவோம். ‘திபெத்திய’ என்ற அடைமொழியோடு விற்கப்பட்டாலும், இன்று சந்தைக்கு வரும் கிண்ணங்களில் கணிசமானவை நேபாளத்தில், குறிப்பாகக் காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பாட்டன் நகரை ஒட்டிய பட்டறைகளில் உருவாகின்றன. வட இந்தியாவிலிருந்தும் வருகின்றன. இவற்றை மேலை நாட்டவர் தியானக் கருவியாகவும் பின்னர் சிகிச்சைக் கருவியாகவும் பரவலாக அறிந்துகொண்டது 1970களில்தான். ஏழு கோள்களுக்கு ஏழு உலோகம், அதில் தங்கமும் வெள்ளியும் உண்டு என்று கடையில் சொல்வார்கள். ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட கிண்ணங்களில் இருப்பதோ பெரும்பாலும் செம்பும் வெள்ளீயமும் மட்டுமே. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். மற்ற உலோகங்கள் தாதுவோடு ஒட்டிவந்த எச்சங்கள்.

இந்தக் கலவை நமக்குப் புதியதன்று. நீலகிரியின் ஈமச் சின்னங்களிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த பழங்கால வெண்கலக் கலங்கள் சில இதே போல வெள்ளீயம் மிகுந்தவை என்பதையும், அவை சூடாக இருக்கும்போதே தட்டி உருவாக்கப்பட்டுப் பின் நீரில் முக்கிக் குளிர்விக்கப்பட்டவை என்பதையும் ஷாரதா சீனிவாசனின் உலோகவியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெள்ளீயம் இவ்வளவு சேர்ந்த வெண்கலம் ஆறிய நிலையில் கண்ணாடியைப் போல நொறுங்கும். சிவக்கக் காய்ச்சியபோது மட்டுமே சுத்தியலுக்கு இணங்கும். ஆகவே ஒரு நல்ல கிண்ணத்தின் விலையில் பெரும்பகுதி உலோகத்துக்கு அன்று, உலைக்கு முன் நின்று மாறி மாறி அடிப்பவர்களின் உழைப்புக்கு. நேபாளத்தில் இவற்றை எடை போட்டு விற்பதே வழக்கம்.

என்னிடம் உள்ளது ஏறத்தாழ ஒரு கிலோ எடையும் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான விட்டமும் கொண்டது. கைவேலையா, இயந்திரத்தில் உருவானதா என்று கண்டுபிடிக்க மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். விளிம்பின் கனம் சுற்றிலும் ஒரே சீராக இருக்காது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விளிம்பில் வைத்து ஒரு சுற்று வந்தால், ஓரிடத்தில் லேசாகத் தடிப்பதும் எதிர்ப்புறம் மெலிவதும் தெரியும். சுத்தியல் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஆழமும் திசையும் மாறி மாறி இருக்கும்; போலிகளில் அவை வரிசை தவறாமல் அச்சுக் குத்தியது போல நிற்கும். கடைசியாக, அடிப்புறத்தைத் தரையில் வைத்தால் அது சற்றே ஆடும். ஆடுகிறதே என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். அதற்குத்தான் வளையம் போன்ற மெத்தையைச் சேர்த்துத் தருகிறார்கள்.

ஒலியைச் சோதிக்கும்போது கடைக்காரர் தேய்த்துக் காட்டுவதை மட்டும் கேட்டு வாங்கிவிடக் கூடாது. உள்ளங்கையை விரித்து, விரல்கள் பக்கச் சுவரில் படாதபடி கிண்ணத்தை ஏந்தி, கம்பளித் துணி சுற்றிய கோலால் விளிம்புக்குச் சற்றுக் கீழே மெதுவாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஒலி முழுவதுமாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். நல்ல கிண்ணத்தில் முதலில் ஒரு கொத்தாகப் பல சுரங்கள் எழும். உயர்ந்தவை ஒவ்வொன்றாகக் கழன்று விழ, அடிச் சுரத்தின் கார்வை மட்டும் நெடுநேரம் நிற்கும். மயிரிழை போன்ற விரிசல் இருந்தால் அந்தக் கார்வை வராது. ஓட்டைப் பானையைத் தட்டினாற்போல ஒரு கரகரப்போடு முடிந்துவிடும். என் கிண்ணத்தில் தேய்ப்பது பழக நேரம் பிடித்தது. வெறும் மரக்கோலால் தேய்த்தால் மேல் சுரம் கிறீச்சிடுகிறது. தோல் சுற்றிய பக்கத்தால், அவசரமின்றி, ஆனால் நன்றாக அழுத்திச் சுற்றினால்தான் அடிச் சுரம் எழுகிறது. வேகம் கூடினால் கோல் விளிம்பில் துள்ளிச் சலசலக்கிறது. அழுத்தம் அதிகமாகவும் வேகம் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது முதலில் கைக்குப் பிடிபடாத முரண்.

இந்தக் கிண்ணத்தை ஒரு சாதாரண மணியிலிருந்து வேறுபடுத்துவது, ஒலி அலையலையாக ஏறி இறங்குவதுதான். அதற்கான காரணம் பள்ளி இயற்பியலிலேயே இருக்கிறது. முழு வட்டமாகவும் சீரான கனமாகவும் இருக்கும் கிண்ணத்தில் அடிச் சுரம் ஒற்றை அதிர்வெண்ணாக இருக்கும். கையால் அடித்த கிண்ணத்தின் சீரற்ற சுவரில் அது மிக நெருக்கமான இரண்டு அதிர்வெண்களாகப் பிரிந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து விம்மல்களை உண்டாக்குகின்றன. ஒலியில் உள்ள அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் என் கைப்பேசியின் அலைமாலைச் செயலியில் பார்த்தபோது 190 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 190 அதிர்வுகள்) அருகில் இரண்டு முனைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அடுத்த பெரிய முனை ஏறத்தாழ அதன் இரண்டே முக்கால் மடங்கில் இருந்தது. வீணையின் தந்தியில் மேற்சுரங்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்களில் அமையும். கிண்ணத்தில் அப்படி அமைவதில்லை என்பதால்தான் அந்த ஒலி எந்த ராகத்துக்குள்ளும் சேராமல், பழகிய காதுக்கும் சற்று அந்நியமாக இருக்கிறது. மனம் அதைப் பாட்டாகப் பின்தொடர முடியாமல் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறது. ஓய்வுக்கு இது உதவுவதில் இந்தக் குணத்துக்குப் பங்கு இருக்கும் என்பது என் ஊகம்.

இனி வார்ப்புக் கிண்ணம். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கோல், மெத்தை, ஒரு சிறு கையேடு எல்லாமாக வந்தது. பளபளப்பு, உள்ளே பொறித்த மந்திர எழுத்துகள் என்று கண்ணுக்குக் குறையில்லை. தட்டினால் மணியோசை தெளிவாகவே வருகிறது. ஆனால் விம்மல் மிகக் குறைவு, கார்வையும் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. பூஜை அறைக்கு நல்ல மணி என்று சொல்லலாம். என் குறை அதன் ஒலியைப் பற்றியதன்று, அட்டையில் ஒட்டியிருந்த சீட்டைப் பற்றியது. ‘432 ஹெர்ட்ஸ், இதயச் சக்கரம்’ என்று அதில் அச்சிட்டிருந்தது. அளந்து பார்த்ததில் 432க்கு அருகில் எந்தச் சுரமும் இல்லை. விற்ற கடைக்கு எழுதிக் கேட்டேன். ‘அது ஆற்றலின் அதிர்வெண், காதுக்குக் கேட்பதன்று’ என்று பதில் வந்தது. இப்படி ஒரு பதிலுக்குப் பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்பதைத் தவிர வேறு உரையாடலுக்கு இடமில்லை.

சக்கரத்துக்கு ஒரு சுரம் என்ற ஏழு கிண்ணத் தொகுப்பைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் கடைகளில் அதிக விலைக்கு முன்வைக்கப்படுவது. மூலாதாரத்துக்கு மேற்கத்திய இசையின் ‘சி’, சுவாதிட்டானத்துக்கு ‘டி’ என்று ஏறும் இந்தப் பொருத்தம் நவீன காலத்தில், மேலை நாட்டில் உருவானது. திருமந்திரம் இந்தச் சக்கரங்களை ஆதாரங்கள் என்று பேசுகிறது; அதில் ஹெர்ட்ஸ் கணக்கு இல்லை, இருக்கவும் முடியாது. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள விசித்திரம் உடனே புலப்படும். ஒரு பாடகர் ஒரு கட்டைச் சுருதியில் பாடுவார், மற்றொருவர் ஐந்தரைக் கட்டையில் பாடுவார். இருவருக்கும் அது ஷட்ஜம், அதாவது ‘ஸ’தான். நம் மரபில் ஆதார சுருதியே ஆளுக்கு ஆள் மாறும்போது, எல்லா உடலுக்கும் பொதுவாக ஒரே அதிர்வெண் எப்படிப் பொருந்தும் என்று கேட்டால் விற்பவர்களிடம் பதில் இல்லை. ஏழு வாங்கும் பணத்தில் ஒரு நல்ல கிண்ணத்தை வாங்குவது மேல்.

கிண்ணத்தில் பாதி நீர் ஊற்றித் தேய்த்தால் நீர்ப்பரப்பு சிலிர்த்து, துளிகள் எழும்பித் துள்ளும். இது உண்மையிலேயே பார்க்க அழகான காட்சி. டெனிஸ் டெர்வான், ஜான் புஷ் ஆகிய இருவரும் 2011இல் இதை அதிவேகக் கேமராவில் பதிவு செய்து, சுவரின் அதிர்வு நீரில் எழுப்பும் ஃபாரடே அலைகளே காரணம் என்று விளக்கினார்கள். சில துளிகள் நீரோடு கலந்துவிடாமல் பரப்பின்மேலேயே துள்ளித் துள்ளி நிற்பதையும் காட்டினார்கள். அந்த நீர் ‘ஆற்றலேற்றப்பட்டது’ என்று சொல்லிக் குடிக்கக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதைச் செடிக்கு ஊற்றினேன்.

கிரிஸ்டல் பௌல் முற்றிலும் வேறு வகை. இவை படிகத்தைக் குடைந்து செய்தவை அல்ல. தூய சிலிக்கா மணலை மிக உயர்ந்த வெப்பத்தில் உருக்கி வார்த்தவை. குறைகடத்தித் தொழிலில் சிலிக்கான் படிகம் வளர்ப்பதற்கு உருவான குவார்ட்ஸ் மூசைகளே (உருக்கும் கலங்களே) இவற்றின் முன்னோடி. ஒலி கிட்டத்தட்ட ஒற்றை அதிர்வெண், மேற்சுரங்கள் மிகக் குறைவு. அதனால் ஒரு விசித்திரமான அனுபவம் நேர்கிறது: மூடிய அறையில் வாசிக்கும்போது தலையைச் சற்றுத் திருப்பினாலே ஒலி கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது, எங்கிருந்து வருகிறது என்றும் சொல்ல முடிவதில்லை. ஒலி தலைக்குள்ளேயே எழுகிறது என்று பலரும் வியந்து சொல்வது இதைத்தான். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் அறைக்குள் நிலைத்த அலைகளாக நிற்பதே காரணம். முதலில் மயக்குகிறது, பிறகு களைப்பூட்டுகிறது. விலையும் அதிகம், வாசல்படியில் இடித்தால் முழுவதும் போயிற்று. இரவல் வாங்கியதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் எனக்கு உண்மையான நிம்மதி வந்தது.

இசைக்கவைகளின் கதைதான் எனக்கு மிகவும் சுவையானது, ஏனென்றால் இவற்றுக்கு மருத்துவத்தில் நேர்மையான ஓர் இடம் உண்டு. 1711இல் இங்கிலாந்தின் ஜான் ஷோர் என்ற ஊதுகொம்புக் கலைஞர் உருவாக்கிய இந்தக் கருவியின் 128 ஹெர்ட்ஸ் வகையை, நீரிழிவு நோயாளியின் கால் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று மருத்துவர் சோதிப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். 512 ஹெர்ட்ஸ் கவையைக் காது மருத்துவர்கள் கேட்கும் திறனை அறியும் ரின்னே, வெபர் சோதனைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். இரண்டுமே நோயைக் கண்டறிவதற்கு; குணப்படுத்துவதற்கு அல்ல. ஒலிச் சிகிச்சைக் கடைகளிலும் அதே 128 ஹெர்ட்ஸ் கவை, கிளைகளின் நுனியில் எடை பொருத்தி, மூட்டு வலிக்கு என்று விற்கப்படுகிறது. தட்டிவிட்டு அதன் காம்பை முழங்காலிலோ தோள்பட்டையிலோ ஊன்றினால் ஒரு குறுகுறுப்பு இதமாக இறங்குவது உண்மை. அந்த இதம் கவையின் அதிர்வு அடங்கும்போதே அடங்கிவிடுகிறது.

528 ஹெர்ட்ஸ் கவை மரபணுவைச் சரிசெய்யும் என்பது கலப்படமில்லாத கட்டுக்கதை. பண்டைத் துறவிகளின் ‘சோல்ஃபெஜியோ’ அதிர்வெண் என்று இதை அறிமுகப்படுத்துகிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் குய்தோ என்ற இத்தாலியத் துறவி பாட்டுப் பாடம் நடத்துவதற்கு உத், ரே, மி என்ற அசைகளை வகுத்தது வரலாறு. ஆனால் ஒரு வினாடியில் எத்தனை அதிர்வு என்று எண்ணும் வழியே 17ஆம் நூற்றாண்டில் மெர்சென் என்ற பிரெஞ்சு அறிஞரின் காலத்தில்தான் பிறந்தது. இந்த எண்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓர் அமெரிக்கர் விவிலியத்தின் எண்ணாகமத்து வசன எண்களைக் கூட்டிக் கழித்துப் பெற்றவை.

காங் அமர்வுக்கு வருகிறேன். நம் ஊர்ச் சேகண்டியைப் பல மடங்கு பெரிதாக்கினால் கிடைக்கும் தட்டுதான் இது. பாய் விரித்து, கண்ணுக்குத் துணி கட்டி, போர்வைக்குள் படுத்தபடி ஒரு மணி நேரம் கேட்க வேண்டும். ‘ஒலிக் குளியல்’ என்பது இதற்குப் பெயர். மெல்லத் தொடங்கிய தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து, தனித்தனி அடிகள் மறைந்து, அறை முழுவதும் ஒரே முழக்கமாக மாறும் அந்தக் கட்டம் உண்மையிலேயே பெரிய அனுபவம். நெஞ்சுக்கூடு அதிர்வதைத் தெளிவாக உணர முடிகிறது. என் பக்கத்துப் பாயில் குறட்டை கேட்டது, அதை நான் வெற்றியாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நடத்தியவர் உச்சக் கட்டத்தில் கையடக்கமான மற்றொரு காங்கை ஒவ்வொருவர் தலைமாட்டிலும் கொண்டுவந்து அடித்தார். காதில் வலி தெரியும் அளவுக்குச் சத்தம். தொழிற்கூடங்களில் 85 டெசிபெல்லைத் தாண்டினால் காதுக்குக் காப்பு வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். பெரிய காங் ஒன்று அதை எளிதில் கடக்கும். அமர்வின் முடிவில் தேநீர் கொடுத்தபடி, தைராய்டு மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திவிடலாம் என்று ஒருவருக்கு அவர் ஆலோசனை சொன்னதைக் கேட்டபோது, அந்த மையத்தின் பெயரை யாருக்கும் பரிந்துரைப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அப்படியானால் பலனே இல்லையா என்றால், இருக்கிறது, அளவோடு இருக்கிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 51 பேரை, ஒரு முறை 12 நிமிடம் கிண்ணத்தின் ஒலியைக் கேட்கவைத்தும் மற்றொரு முறை அதே நேரம் அமைதியில் இருக்கவைத்தும், பிறகு வழிகாட்டலோடு ஓய்வெடுக்கச் செய்தார்கள். கிண்ணத்தைக் கேட்ட முறையில் சிஸ்டாலிக் (மேல் அளவு) இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் சற்று அதிகமாகக் குறைந்தன. 2017இல் கலிஃபோர்னியாவில் 62 பேரிடம் நடந்த ஆய்வில் கிண்ணங்களும் காங்குகளும் கலந்த அமர்வுக்குப் பிறகு பதற்றம், கோபம், களைப்பு ஆகியவை குறைந்ததாகப் பங்கேற்றவர்கள் தெரிவித்தார்கள். ஆனால் அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. ஒரு மணி நேரம் கைப்பேசியை அணைத்துவிட்டு இருட்டில் படுத்திருந்தாலே இதில் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதை அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. பதற்றத்தையும் தூக்கமின்மையையும் தணிக்க இது துணை செய்யலாம் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை. புற்றுநோய், தைராய்டு, நீரிழிவு என்று பேச்சு நீளும் இடத்தில் எழுந்து வந்துவிட வேண்டும்.

சிகிச்சைப் பலன் தெளிவாகக் காட்டப்பட்ட கருவி ஒன்று உண்டு. அது இந்தக் கடைகளின் முன்வரிசையில் இருப்பதில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட ஊதுகுழலான டிஜெரிடூவை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் 25 பேரில் ஒரு பகுதியினருக்குக் கற்றுக்கொடுத்து நான்கு மாதம் வாசிக்கவைத்த சுவிட்சர்லாந்து ஆய்வு 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. வாசித்தவர்களுக்குப் பகல் தூக்கமும் இரவில் மூச்சு நிற்பதும் குறைந்தன. மேல் மூச்சுப்பாதையின் தசைகள் வலுப்பட்டதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அதாவது பலன் பெற்றவர் கேட்டவர் அல்லர், ஊதியவர். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும் 2017இல் இந்த ஆய்வுக்குக் கிடைத்தது. கருவியே வேண்டாம் என்பவர்களுக்கு, வாயை மூடி ‘ம்’ என்று ரீங்கரித்தால் மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்ஸைடு அமைதியாக மூச்சுவிடுவதைவிடப் பதினைந்து மடங்கு கூடுகிறது என்று 2002இல் ஸ்வீடனில் அளந்திருக்கிறார்கள். செலவில்லாத சோதனை.

வாங்குவதற்கு முன் பலவற்றையும் கேட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு, ஆரோவில்லில் 2003இல் ஆரேலியோ என்பவர் தொடங்கிய ‘ஸ்வரம்’ பட்டறையைச் சொல்வேன். சுற்றுவட்டாரக் கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வளர்ந்த இடம் அது. மணிச் சரங்கள், ஒலிக்கும் கற்கள், அடியில் தந்திகள் பூட்டிய ஒலிக் கட்டில் என்று பலவும் அங்கே உருவாகின்றன. தந்திகளை ஒரே சுருதியில் கூட்டி ஒருவர் மீட்ட, மேலே படுத்திருப்பவர் முதுகால் கேட்பது ஒலிக் கட்டிலின் அமைப்பு. தம்புராவுக்குள்ளேயே படுத்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோர் உடல்மேல் கிண்ணத்தையோ கவையையோ வைக்கும் சிகிச்சைக்கு முன் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். காதில் இரைச்சல் உள்ளவர்கள் காங் அமர்வைத் தவிர்க்கலாம். மற்றவர்கள் வாங்குவதென்றால், நேரில் தட்டிப் பார்த்து, அறுநூறு கிராமுக்குக் குறையாத கைவேலைக் கிண்ணம் ஒன்றைத் தோல் சுற்றிய கோலோடு வாங்குங்கள். மிகச் சிறியவை கீச்சென்று ஒலிக்கின்றன, நெடுநேரம் கேட்க முடிவதில்லை. கறுத்துப்போனால் புளி போட்டுத் தேய்த்து உடனே ஈரம் போகத் துடைத்துவிடலாம். கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள்; இந்த வெண்கலம் நெளியாது, விரிசல் விடும், விரிசல் விட்ட கிண்ணத்தைப் பற்றவைத்துப் பழைய ஒலியை மீட்க முடியாது.